போன் செய்ததால்தான் வந்தார்களா?

போன வருடம் எங்கள் பள்ளியில் வருகையைக் கூட்ட இரண்டு வேலைகள் தொடங்கினோம். பிள்ளை வராவிட்டால் காலையிலேயே வீட்டுக்கு போன். மாதம் முழுக்க வந்தவர்களுக்குச் சான்றிதழ். வருடக் கடைசியில், "பலன் இருந்ததா என்று பார்த்துச் சொல்லுங்கள் டீச்சர்" என்று தலைமையாசிரியர் அதை என் தலையில் கட்டிவிட்டார். கணக்கு டீச்சராக இருப்பதுதான் நான் செய்த பாவம்.

முதலில் என் வகுப்பின் சராசரியை எடுத்தேன். 95 சதவீதம். முந்தைய வருடமும் ஏறக்குறைய அதேதான். அதோடு மூடி வைத்திருக்கலாம். ஆனால் 40 பேர் வகுப்பில், 20 நாள் மாதத்தில், ஆளுக்கு ஒரு நாள் வராமல் போனாலும் 95தான். 10 பேர் மட்டும் நான்கு நான்கு நாள் மட்டம் போட்டாலும் 95தான். இரண்டும் ஒன்றா என்ன? அதனால் பத்தில் ஒரு பங்கு நாள்களையோ அதற்கு மேலோ தவறவிட்டவர்களைத் தனியே எண்ணினேன். நாள்பட்ட வருகையின்மைக்குப் பலரும் வைத்திருக்கும் அளவுகோல் அது.

இரண்டாம் மாதத்தில் அப்படி 11 பேர். வீட்டுக்கெல்லாம் போன் போனது. மூன்றாம் மாதத்தில் அவர்களில் 8 பேர் ஒழுங்காக வந்தார்கள். ஸ்டாஃப் ரூமில் ஒரே குஷி. எனக்குத்தான் உறுத்தியது. போன் என்ற பேச்சே இல்லாத முந்தைய வருடப் பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்தேன். அதே மாதத்தில் 12 பேர்; அடுத்த மாதம் தேறியவர்கள் 8. யாரும் கூப்பிடாமலேயே! காய்ச்சலில் படுத்தவன் எப்படியும் எழுந்து வரத்தான் செய்வான். மிக மோசமான மாதத்தைப் பார்த்து ஆளைப் பொறுக்கினால், அடுத்த மாதம் தானாகவே கொஞ்சம் நன்றாகத்தான் தெரியும். போனே வீண் என்று சொல்லவில்லை. அதன் பங்கு நாங்கள் கொண்டாடிய அளவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

சான்றிதழ் கதை இன்னும் சுருக்கம். வாங்கியவர்கள் எல்லாம் எப்போதும் வருகிற பிள்ளைகள். கலிபோர்னியாவில் டாட் ரோஜர்ஸ் முதலான ஆய்வாளர்கள் 15,000-க்கு மேற்பட்ட மாணவர்களை வைத்துப் பார்த்த சோதனையில், முழு வருகைக்குத் திடீரென விருது வாங்கியவர்கள் அதன்பின் கொஞ்சம் கூடுதலாகவே விடுப்பு எடுத்தார்களாம். நம் பங்குக்கு வந்தாயிற்று, போதும் என்று தோன்றியிருக்கலாம்.

சரி, தேறாத அந்த மூன்று பேர்? போனுக்கும் மசியவில்லை, சான்றிதழ் அவர்கள் பக்கமே வரவில்லை. அவர்கள் வராத நாள்களைக் கிழமைவாரியாக அடுக்கினேன். இருவரிடம் ஒன்றும் பிடிபடவில்லை. மூன்றாமவனுக்குப் பாதிக்கு மேல் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைதான் நான் கணக்கு டெஸ்ட் வைப்பது.

அறிக்கையில் இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.