பிரேக்கரை அழுத்துவதற்கு முன்

மலேசியாவில் எங்கள் ஊரான பத்தாங் பெர்ஜுந்தையில் (இப்போது பெஸ்தாரி ஜெயா) கல்யாணம், கோயில் திருவிழா என்று எங்கே போனாலும் சொந்தக்காரர்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார்கள்: "பழைய பிளேன்ல ஏறலாமாப்பா?" சுபாங்கில் விமானப் பராமரிப்புக் கூடத்தில், மின்பிரிவில் வேலை செய்கிறேன் என்பதால் கேட்கிறார்கள். விமானத்துக்கு வயது என்ன என்பதோடு, அதன் வயர்களை இதுவரை யார் யார், எப்படித் தொட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் என்பேன். பந்தியில் உட்கார்ந்துகொண்டு அதற்கு மேல் விளக்க முடிவதில்லை.

ஒரு போயிங் 747-இல் இருக்கும் வயர்களை நீட்டினால் 200 கிலோமீட்டரைத் தாண்டும். பெரும்பகுதி தரைப்பலகைக்கு அடியிலும் சுவர்ப்பலகைக்குப் பின்னாலும் கட்டுக்கட்டாக ஓடுகிறது. எடை கூடக் கூடாது என்பதால் உறை மிக மெல்லியது. 1970களில் பரவலாகப் போட்ட காப்டன் என்ற பிளாஸ்டிக் உறை லேசானது, சூடும் தாங்கும். ஆனால் ஈரத்தில் கிடந்து, வளைந்து, இழுபட்டால் நாளடைவில் வெடிப்பு விடும். வெடிப்பில் பொறி கிளம்பினால் உறையே கரியாகி மின்சாரத்தைக் கடத்த ஆரம்பிக்கும். பக்கத்து வயர்களுக்கும் தாவும். ஈரத்துக்கும் பஞ்சமில்லை. உயரத்தில் பறந்து சில்லிட்டுப்போன உடல்தகடு, நம்மூர்ப் புழுக்கத்தில் இறங்கியதும் உள்பக்கம் வியர்த்துச் சொட்டும்.

1996 ஜூலை 17-இல் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய டிடபிள்யூஏ 800 என்ற பயணிகள் விமானம் நடுவானில் வெடித்து 230 பேர் இறந்தார்கள். நடு எரிபொருள் தொட்டியில் இருந்த ஆவி தீப்பற்றியது. தொட்டிக்கு வெளியே ஏற்பட்ட ஷார்ட் சர்க்கிட், எரிபொருள் அளவு காட்டும் வயர்கள் வழியாக உள்ளே போயிருக்கவே அதிக வாய்ப்பு என்றது அமெரிக்க விசாரணை. அந்த விமானத்துக்கு வயது 25. சரி, பழசு என்று விட்டுவிடலாமா? 1998 செப்டம்பர் 2-இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் அருகே கடலில் விழுந்த ஸ்விஸ் ஏர் 111 விமானத்துக்கு வயது 7தான். 229 பேர். பின்னாளில் பொருத்திய பொழுதுபோக்குக் கருவிகளின் வயர் ஒன்றில் பொறி பறந்த தடயம் கிடைத்தது. விமானிகளுக்கு வாடை தெரிந்து சுமார் 21 நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. புதிய விமானம், நல்ல விமானிகள். யாரோ கூடுதலாக இழுத்த வயரும், பக்கத்தில் எளிதில் தீப்பிடிக்கும் காப்புப் போர்வையும் போதுமானதாக இருந்திருக்கலாம். எனக்கு இந்த இரண்டாவது விபத்துதான் அதிகம் உறுத்துகிறது.

வயரில் மின்சாரம் மிஞ்சினால் தானாக வெளியே வந்து இணைப்பைத் துண்டிக்கும் பொத்தான்தான் பிரேக்கர். அழுத்தினால் மறுபடி இணையும். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் என்னோடு ஷிப்டில் இருந்தான். ஒருமுறை கேலியின், அதாவது விமான உணவறையின், பிரேக்கர் வெளியே வந்துவிட்டது. ஒரு நாள் வந்து, "அண்ணே, கேலி பிரேக்கர் ஒரு தடவை வெளியே வந்துச்சு. அழுத்தினேன், நின்னுருச்சு. ஓகேலா," என்றான்.

"எதனால வந்துச்சு தம்பி?"

பதில் இல்லை. இரண்டு பேரும் உணவறைத் தரைப்பலகையைக் கழற்றினோம். காப்பியும் ஆரஞ்சுச் சாறும் காய்ந்து பிசுபிசுவென்று கிடந்தன. டார்ச்சையும் சின்னக் கண்ணாடியையும் நீட்டி, கட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தோம். ஒரு கிளாம்ப்பின் ரப்பர் நழுவிப்போய், வயர் உலோக விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது. உறை தேய்ந்த இடத்தில் கடுகளவு செம்பு பளபளத்தது. எதிரே விளிம்பில் கருகிய புள்ளி. எப்போதோ யாரோ துளை போட்டபோது சிதறிய உலோகத் துகள்களும் கட்டுக்குள் சிக்கியிருந்தன. அவன் வெகுநேரம் பேசவில்லை.

என் அப்பா தோட்டத்து ரப்பர் ஆலையில் சார்ஜ்மேனாக, அதாவது மின்சாரப் பொறுப்பாளராக இருந்தவர். ஃபியூஸ் போனால் லயத்து ஆட்கள் தடிமனான கம்பியைச் சுற்றிவிடுவார்கள். விளக்கு எரியும், எல்லாருக்கும் சந்தோஷம். அப்பா போய் அதைப் பிடுங்கிவிட்டு, கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும்வரை இருட்டிலேயே வைத்திருப்பார். திட்டு வாங்குவார், ஆனால் விடமாட்டார். காரணம் தெரியாமல் பிரேக்கரை அழுத்துவதும் அந்தக் கம்பி வேலைதான்.

பழைய விமானங்களில் பெரும்பாலும் இருப்பது சூடேறினால் வெளியே வரும் பிரேக்கர். விட்டுவிட்டு வரும் பொறி கண் இமைப்பதற்குள் வந்து போய்விடும். பிரேக்கர் சூடேறவே நேரம் இருக்காது. வயர் கருகும், பிரேக்கர் பேசாமல் இருக்கும். அப்படிப்பட்ட பிரேக்கர் ஒரு தடவை வெளியே வந்தாலே அதை மதிக்க வேண்டும்.

2007-இல் அமெரிக்க விமானத்துறை, வயர்களையும் அவற்றின் இணைப்புகளையும் தனி அமைப்பாகவே கருதும் விதிகளைக் கொண்டுவந்தது. அதற்கு முன் வயர் என்பது ஏதோ ஒரு கருவியின் வால். இப்போது வயர்களுக்கென்றே பரிசோதனை, பயிற்சி எல்லாம் உண்டு. என் ஆதங்கம் பயிற்சியைப் பற்றித்தான். இருக்கை கழற்றுகிறவர், கம்பளம் மாற்றுகிறவர், கேலி சுத்தம் செய்கிறவர் என்று வயரை மிதிக்கக்கூடிய எல்லாருக்கும் அது போய்ச் சேர வேண்டும். திரையில் படம் காட்டிக் கையெழுத்து வாங்கினால் போதாது. தோட்டத்துப் பட்டணங்களிலிருந்து வரும் பிள்ளைகளை முதல் வாரத்திலேயே ஒரு பலகையைக் கழற்ற வைத்து, டார்ச்சும் கண்ணாடியும் கையில் கொடுத்து, பழைய கட்டு ஒன்றை முனையிலிருந்து முனைவரை பார்க்க வைக்க வேண்டும். எங்கள் பிரிவில் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நேரம் இல்லை என்கிறார்கள். அப்புறமும் கேட்பேன்.