பரவளையம் அச்சை எங்கே வெட்டுகிறது?

மகள் பத்தாம் வகுப்பு. கணக்குத் தேர்வில் வரைபடக் கேள்விக்கு மட்டும் 8 மதிப்பெண் என்பதால், இருபடி வரைபடத்தை (அதில் வரும் வளைவுதான் பரவளையம்) அவளோடு உட்கார்ந்து நானும் மறுபடி படித்தேன்.

வழக்கமாக எக்ஸுக்கு −4 முதல் 4 வரை எழுதி, அட்டவணை போட்டு, புள்ளி வைத்து வளைவை இழுப்பார்கள். ஒய் = எக்ஸ்² − 2எக்ஸ் − 8 கணக்கை அப்படிப் போட்டோம். இடது பக்கம் வளைவு 16 வரை ஏறியது. வலது பக்கம் அச்சுக்கு வந்ததும் நின்றுவிட்டது. "இது அச்சை வெட்டுதா, சும்மா தொடுதாப்பா?" என்றாள். நியாயமான கேள்விதான்.

அப்புறம் வரிசையை மாற்றினோம். முதலில் வெட்டும் புள்ளிகள், பிறகுதான் அட்டவணை. ஒய் அச்சை வெட்டும் இடத்துக்குக் கணக்கே வேண்டாம்: எக்ஸுக்குப் பூஜ்ஜியம் போட்டால் மாறிலி மட்டும் மிஞ்சும், இங்கே −8. எக்ஸ் அச்சுக்கு ஒய்யைப் பூஜ்ஜியமாக்க வேண்டும். பெருக்கினால் −8, கூட்டினால் −2 வரும் எண்கள் −4, 2. ஆகவே காரணிகள் (எக்ஸ் − 4), (எக்ஸ் + 2). குறி மாறி, வெட்டும் இடங்கள் 4, −2. இரண்டுக்கும் நட்டநடுவே 1. வளைவை இரண்டு சம பாதியாகப் பிரிக்கும் சமச்சீர் அச்சு அங்கேதான். எக்ஸுக்கு 1 போட்டால் −9, அதுவே வளைவின் அடிமுனை.

இப்போது −3 முதல் 5 வரை அட்டவணை போட்டால் 7, 0, −5, −8, −9; அதற்குமேல் அதே எண்கள் தலைகீழாகத் திரும்பி வரும். வராவிட்டால் எங்கோ குறி தப்பியிருக்கிறது. பெரும்பாலும் −3இன் வர்க்கத்தை −9 என்று எழுதியிருப்பார்கள்.

அடுத்து எக்ஸ்² − 4எக்ஸ் + 1. "பூஜ்ஜியமே வரலையேப்பா" என்றாள். எக்ஸ் 0இல் ஒய் 1, எக்ஸ் 1இல் ஒய் −2. குறி மாறுகிறது என்றால் நடுவில் எங்கோ அச்சைக் கடந்தாக வேண்டும். அவள் தாளில் ஏறக்குறைய 0.3, 3.7 என்று படித்தாள். சூத்திரம் தந்த விடை 2 ± √3, அதாவது 0.27, 3.73. வரைபடத்தின் அருமை எனக்குப் புரிந்தது இங்கேதான்.

எக்ஸ்² − 8எக்ஸ் + 16 அச்சை 4இல் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும். எக்ஸ்² + எக்ஸ் + 7 அச்சுப் பக்கமே வராது; சூத்திரத்தில் வர்க்கமூலத்துக்குள் வரும் எண்ணான தன்மைக்காட்டி −27, மெய்யான மூலம் இல்லை. ஒய் அச்சை மட்டும் 7இல் வெட்டும்.

தேர்வில் இன்னொரு திருகல் உண்டு. முதல் வரைபடத்தை வைத்தே எக்ஸ்² − எக்ஸ் − 6 = 0 என்பதைத் தீர்க்கச் சொல்வார்கள். முதல் கணக்கின் ஒய் = எக்ஸ்² − 2எக்ஸ் − 8 என்பதிலிருந்து இதைக் கழித்தால் ஒய் = −எக்ஸ் − 2 என்ற நேர்கோடு கிடைக்கும். அந்தக் கோடு வளைவை −2இலும் 3இலும் வெட்டுகிறது. விடை அந்த இரண்டும்தான். எக்ஸ் அச்சில் இருக்கும் 4ஐ இங்கே எழுதிவிடக் கூடாது.