சோழகம் வந்துவிட்டது: கோடியக்கரை நாட்குறிப்பு

மார்ச் 27, இரவு

மாலையில் வடக்கே பார்த்து நின்றுகொண்டிருந்தேன். காற்று முதுகில் அடித்தது. பக்கத்தில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்தவரிடம், "வாடை போயிடுச்சாண்ணே?" என்று கேட்டேன். "சோழகம் வந்து மூணு நாளாச்சு தம்பி. இனி இதுங்க நிக்காது" என்று சேற்றுப் பக்கம் கையைக் காட்டினார். சோழகம் என்றது தெற்குக் காற்றை. இதுங்க என்றது உள்ளான்களை, குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வந்து சேற்றில் இரை தேடுகிற பறவைகளை.

வீட்டுக்கு வந்து பழைய குறிப்பேடுகளைப் புரட்டினேன். எல்லா வருடமும் ஒரே கதைதான். செப்டம்பர், அக்டோபர் பக்கங்களில் ஓரத்தில்கூட இடமில்லாமல் எழுதியிருக்கிறேன். முதல் கொசு உள்ளான் என்றைக்கு வந்தது, முதல் தகைவிலான் என்றைக்கு, எல்லாம் இருக்கிறது. ஏப்ரலுக்கு வந்தால் "காணோம்" என்ற ஒரு சொல்தான். வந்ததையெல்லாம் எழுதிய நான், போவதை ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. நேற்று இருந்த கூட்டம் இன்று இருக்காது, அவ்வளவுதான் தெரியும். இந்தமுறை அவை கிளம்புவதைப் பார்த்துவிட வேண்டும். நாளை விடிவதற்கு முன்பிருந்து இருட்டும்வரை வெளியில்தான்.

மார்ச் 28, காலை 6.10

காட்டோரம். பாலை மரங்களுக்கு அடியில் இன்னும் இருட்டு. 2018 கஜா புயல் சாய்த்துப்போட்ட மரங்களின் அடியிலிருந்து கிளைத்தவை இப்போது என் தலைக்கு மேல் நிற்கின்றன.

ஆறுமணிக்குருவி கூப்பிட்டது. இரண்டே சுரம், முதலாவது ஏறி, இரண்டாவது இறங்கி. பெயருக்கேற்ற நேரம்தான். மத்திய இந்தியாவுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் போய்க் கூடு கட்டுகிற குருவி இது. தரையில் சருகைக் கிளறிக்கொண்டிருந்ததைச் சில விநாடி பார்த்தேன். வாலடியில் அந்தச் சிவப்பு. இது இரவில்தான் பயணப்படும். ஆகவே இது போவதைப் பார்க்கிற வாய்ப்பு எனக்கு இல்லை.

பழுப்பு ஈப்பிடிப்பான் 2, கொடிக்கால் வாலாட்டி 1. சரி, சேற்றுக்குப் போகலாம்.

காலை 8.30

உப்பளங்களைத் தாண்டி இருக்கும் சதுப்பு. பாத்திகளில் உப்பு வாருகிறவர்கள் எனக்கு முன்பே வந்துவிட்டார்கள். தொலைநோக்கியை முக்காலியில் நிறுத்தி ஒரு முனையிலிருந்து எண்ணத் தொடங்கினேன். கொசு உள்ளான் சுமார் 900. மணல் உப்புக்கொத்தி 140, பாதிக்கு மேல் கண்ணைச் சுற்றிக் கறுப்பும் நெஞ்சில் செம்மையும் ஏறியவை, கூடு கட்டும் காலத்து நிறம் அது. கருவால் மூக்கன் 31. தூரத்தில் பூநாரைகள், கானலில் எண்ண முடியவில்லை.

வளைமூக்கு உள்ளான் 210. கர்லூ சாண்ட்பைப்பரை நாங்கள் இப்படித்தான் எழுதிக்கொள்கிறோம். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த பறவை. இதை 2024இல் அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பழைய ஆட்கள் இந்தச் சேற்றில் இது கறுத்து மொய்த்ததைச் சொல்லும்போது 210 என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இருந்தாலும் எண்ணியது அவ்வளவுதான்.

பகல் 1.15

வெயில் தாங்க முடியவில்லை. ஆனால் பறவைகள் நிழலைத் தேடவில்லை, தின்றுகொண்டே இருக்கின்றன. வளைமூக்கு உள்ளான் ஒன்றை மட்டும் அரை மணி நேரம் விடாமல் பார்த்தேன். குளிர்காலத்துச் சாம்பல் இறகுகள் முதுகில் அங்கங்கே மிச்சம். கழுத்திலிருந்து வயிறுவரை செங்கல் நிறம், அதற்குள் மீன் செதில்போல வெள்ளை விளிம்புகள். மூக்கை அடிவரை சேற்றில் விட்டு, தையல் மிஷின் ஊசி மாதிரி குத்திக்கொண்டே நடந்தது. பின்பக்கமாகத் திரும்பியபோதுதான் கவனித்தேன், வயிறு காலுக்குப் பின்னால் உருண்டு தொங்குகிறது. ஜனவரியில் இதே பறவைகள் ஒடிசலாக இருந்தன.

அவ்வளவும் கொழுப்பு. ஆராய்ச்சிக்காகப் பறவைகளின் காலில் வளையம் போடுகிறவர்கள் பறவையைக் கையில் பிடித்து நெஞ்சு இறகை வாயால் ஊதி விலக்கிப் பார்ப்பார்கள். மெல்லிய தோலுக்கு அடியில் மஞ்சளாகத் தெரியும். அதுதான் வழிச்செலவு. மூக்கன் என்கிற நீள மூக்குப் பறவைகளில் இன்னொன்றும் நடக்கிறது: கிளம்புவதற்கு முன் குடலும் இரைப்பையும் சுருங்கிவிடுகின்றன. பறக்கும்போது உதவாத எடையை உடம்பே குறைத்துக்கொள்கிறது. 2022இல் ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவில் கிளம்பி டாஸ்மேனியாவில் இறங்கியது. 13,560 கிலோமீட்டர், 11 நாள், நடுவில் எங்கும் இறங்கவில்லை. முட்டையிலிருந்து வந்து ஐந்தே மாதமான குஞ்சு அது.

என் கண்முன் குத்திக்கொண்டிருக்கும் இதற்கு வழியில் இறங்கித் தின்ன ஈரநிலங்கள் வேண்டும். போக வேண்டிய இடம் சைபீரியாவின் வடகோடி. அங்கே பனி உருகித் தரை தெரியும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர வேண்டும். முந்தினாலும் தீனி இல்லை, பிந்தினாலும் குஞ்சு வளர்க்க நாள் போதாது.

மாலை 4.40

ஒரு பூனைப்பருந்து தாழப் பறந்து வந்தது. மொத்தக் கூட்டமும் எழும்பித் திரும்பி இறங்கியது. எண்ணிக்கை குழம்பிவிட்டது. திரும்ப எண்ணவில்லை.

உப்பு வாரி முடித்து வந்த அக்கா ஒருவர், "காலையிலேருந்து இங்கயேவா நிக்கிற? என்னா தம்பி பாக்குற?" என்றார். "இதுங்க ஊருக்குப் போறதைப் பாக்கணும்க்கா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "சாயங்காலம் ரொம்பக் கத்துதுங்க, நாலஞ்சு நாளா" என்று சொல்லிவிட்டுப் போனார். நாள் முழுக்கக் கிடைத்த தகவல்களில் இதுதான் பெரியது. நான் இதுவரை பொழுது சாயும்போது மூட்டை கட்டிக்கொண்டு திரும்பிவிடுவேன்.

இரவு 9.00

கை இன்னும் நடுங்குகிறது. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

5.50 அளவில் வளைமூக்கு உள்ளான்கள் தின்பதை நிறுத்தின. தண்ணீரில் நின்று குளித்தன, இறகு கோதின. அப்புறம் சத்தம் தொடங்கியது. வழக்கமாக எழும்பும்போது போடும் "சிர்ரிப்" சத்தம்தான், ஆனால் தரையில் நின்றபடியே, ஒன்று மாற்றி ஒன்று. 6.05க்கு நாற்பது போல எழும்பின. ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கிவிட்டன. மறுபடி எழும்பின, மறுபடி இறங்கின. மூன்றாவது தடவையும் இறங்கியபோது இன்று இல்லை என்று நினைத்தேன்.

6.24. சூரியன் அப்போதுதான் மறைந்திருந்தது. அறுபது பறவைகள் இருக்கும். இந்தமுறை சுற்றிக்கொண்டே மேலே ஏறின, ஏறிக்கொண்டே இருந்தன. கழுத்தை அண்ணாந்து பார்த்தேன். கூட்டமாக இருந்தது மெதுவாக அவிழ்ந்து ஒரு கோடானது, கோடு நடுவில் மடங்கியது. ஐந்தாறு பறவைகள் விலகிச் சேற்றுக்கே இறங்கி வந்துவிட்டன. மற்றவை காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வடமேற்கே திரும்பின. கண்ணுக்கு மறைந்தபிறகும் தொலைநோக்கியில் ஒரு நிமிடம் வைத்திருந்தேன். அப்புறம் வானம் மட்டும்.

குறிப்பேட்டில் எழுதியது: வளைமூக்கு உள்ளான், சுமார் 55, புறப்பாடு, மாலை 6.24, தெற்குக் காற்று. "புறப்பாடு" என்று நான் எழுதியது இதுதான் முதல்தடவை.

மார்ச் 29

உடம்பு வலி. வெயிலில் பின்கழுத்துத் தோல் எரிகிறது. மாலையில் மட்டும் போனேன். வளைமூக்கு 150. இன்றும் கத்தின, கிளம்பவில்லை. காற்று கிழக்கே மாறியிருந்தது.

ஏப்ரல் 19

இடையில் நான்கு மாலைகள் போனேன். இரண்டில் புறப்பாடு பார்த்தேன்.

இன்று சேறு கிட்டத்தட்ட காலி. ஆனால் வளைமூக்கு 23 இருக்கின்றன. ஒன்றில்கூடச் செம்மை இல்லை, எல்லாம் சாம்பல். வயிறும் உருளவில்லை. போன வருடம் வடக்கே பிறந்து, முதன்முதலாகத் தெற்கே வந்த குஞ்சுகள். கூடு கட்டும் வயது வராத இவற்றில் பல, கோடையை இங்கேயே கழித்துவிடும். இவ்வளவு காலம் இவற்றைப் பார்த்தும் "காணோம்" என்றே எழுதிவிட்டிருக்கிறேன். பழைய ஏப்ரல் பக்கங்களை இனி நம்ப முடியாது.

பொழுது சாயும்வரை நின்றேன். சத்தமே இல்லை. சோழகம் பலமாக அடித்தது. 23ம் காற்றுக்கு முகம் கொடுத்து, தெற்கே பார்த்துத் தின்றுகொண்டிருந்தன.