டோமில் ஒரு துளை போடவும் அனுமதி வேண்டும்

"பழுது பார்க்கத்தானே போகிறீர்கள், அதற்கெல்லாம் அனுமதி வேண்டாம்." இங்கிலாந்தில் எங்கள் பழைய போர்க்கால டோமைப் பழுது பார்க்கக் கிளம்பியபோது, உள்ளூர் கவுன்சிலின் கட்டடத் திட்டப் பிரிவில் ஒருவர் போனில் சொன்ன இந்த ஒரு வரியை நம்பியதில் ஒரு வருடம் போயிற்று. அவர் சொன்னது லிஸ்டட் கட்டடங்களுக்கான, அதாவது பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடங்களுக்கான பதில். அங்கே இருப்பதை இருந்தபடியே சரிசெய்தால் பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள். எங்களுடையது ஷெட்யூல்டு மான்யுமென்ட், அதைவிடக் கடுமையான பாதுகாப்புள்ள நினைவுச்சின்னம். இவற்றுக்கான 1979 சட்டத்தில் பழுது பார்ப்பதும் அனுமதி கேட்க வேண்டிய வேலைதான். அனுமதியில்லாமல் கை வைத்தால் கிரிமினல் குற்றம். செய்து முடித்துவிட்டுப் பிறகு அனுமதி வாங்கிக்கொள்ளும் வழியும் இதில் கிடையாது.

கட்டடம் டோம் டிரெய்னர் வகை. இரண்டாம் உலகப் போரில் விமான எதிர்ப்புத் துப்பாக்கிக்காரர்களுக்குப் பயிற்சி தர இங்கிலாந்தில் கட்டிய கான்கிரீட் குவிமாடம். 2014இல் பொதுமக்களுக்குத் திறந்த நார்ஃபோக்கின் லாங்ஹாம் டோமைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வளைந்த உட்சுவரில் விமானம் பாய்ந்து வரும் படத்தை ஓட்டுவார்கள். எங்கே குறிவைக்க வேண்டும் என்பது படத்தில் மஞ்சள் புள்ளியாக விழும். பயிற்சி பெறுபவரின் குறிக்கண்ணாடியில் மஞ்சள் ஃபில்டர் இருப்பதால் அவருக்கு அது தெரியாது, பயிற்றுநருக்குத் தெரியும். ஆகவே உட்சுவர்தான் திரை. அதன் பூச்சைச் சுரண்டிச் 'சுத்தம்' செய்தால் பாதுகாக்க வந்ததையே அழித்ததாகும். ஒப்பந்தக்காரர்கள் முதலில் கேட்பதே அதைத்தான்.

விண்ணப்பம் பாரம்பரியச் சின்னங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து வழியாகப் போகிறது. கட்டணம் இல்லை. படிவம், வரைபடம், புகைப்படம் எல்லாம் ஒரு வாரத்தில் முடிகிற வேலை. சிக்கியது வேலைமுறை விளக்கத்தில். "பழுதான கான்கிரீட்டை நீக்கிப் புதுக்காரை பூசப்படும்" என்று எழுதினால் திரும்பி வரும். எந்த இடத்தில், எத்தனை ஆழம், எந்தக் கலவை என்று சொல்ல வேண்டும். ஆழம் தெரியத் துளை போட வேண்டும். துளை போடவும் அனுமதி வேண்டும்! எனவே முதலில் சோதனைக்கு மட்டும் ஒரு சின்ன விண்ணப்பம், முடிவு வந்த பிறகு பெரியது. இரண்டையும் ஒன்றாகப் போட்டதுதான் நாங்கள் செய்த தவறு.

சோதனை என்பது பினால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டிக் கரைசலைத் தெளிப்பதுதான். காரத்தன்மை மிச்சமுள்ள கான்கிரீட் இளஞ்சிவப்பாகும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு புகுந்து காரம் போன பகுதி நிறம் மாறாது. நிறம் மாறாத அந்தப் பகுதி உள்ளே இருக்கும் இரும்புக் கம்பிவரை போயிருந்தால், ஈரம் பட்டதும் கம்பி துருப்பிடிக்கும். துரு ஊதிப்பெருத்து மேல்பூச்சைத் தள்ளும். புதிதாக உடைத்த முகத்தில், தூசியை ஊதிவிட்டு உடனே தெளியுங்கள். பழைய மேற்பரப்பில் தெளித்தால் எல்லாமே கெட்டுவிட்டது போலத் தெரியும். எங்களுடைய முதல் அறிக்கை அப்படித்தான் பீதியைக் கிளப்பியது. நீராவி வெளியேற விடாத பெயிண்டை வெளியே அடிக்கச் சொல்லும் விற்பனையாளரை அப்படியே அனுப்பிவிடுங்கள். உள்ளே சிக்கும் ஈரம் துருவைத்தான் வளர்க்கும்.

அடுத்து விழுந்த அடி, கட்டடத்தில் தங்கும் வௌவால். நினைவுச்சின்ன அனுமதி கையில் இருந்தாலும் வௌவால் தங்குமிடத்தைத் தொடத் தனி உரிமம் தேவை. வௌவால் தங்குகிறதா என்று பார்க்கும் அந்திநேரக் கணக்கெடுப்பு மே முதல் செப்டம்பர் வரைதான். அக்டோபரில் நினைவு வந்தால் அடுத்த மே வரை சாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். சாரத்துக்கு வாடகை ஓடும்.

மேலிருந்து கான்கிரீட் துண்டு விழுகிற நிலை என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம். பாதுகாப்புக்கான அவசர வேலைக்குப் பொது விலக்கு உண்டு. தேவையான குறைந்தபட்சத்தை மட்டும் செய்து, கூடிய சீக்கிரம் காரணத்தோடு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முட்டுக்கொடுத்து வேலி போட்டு, முன்னும் பின்னும் படமெடுத்து அனுப்பினோம். இந்த முழு விவகாரத்தில் ஒரே தடவையில் முடிந்த காகிதம் அதுதான்.