கண்மாய்க் கரை எத்தனை மீட்டர்?

பிளஸ் ஒன் கணக்கில் வகை நுண்கணிதம் எல்லையில்தான் தொடங்குகிறது, அந்தச் சொல்லிலேயே பாதி வம்பு. எங்கள் காரைக்குடிப் பக்கம் எல்லை என்றால் அய்யனார் குதிரை நிற்கிற இடம், நடந்து போய்த் தொட்டுக் கும்பிட்டு வரலாம். எக்ஸ் இரண்டை நெருங்கும், ஆனால் இரண்டு ஆகாது என்று சொன்னதும் டியூஷன் பிள்ளை ஒருத்தி, "தொடாமலே திரும்புறதுக்கு எதுக்கு சார் போகணும்?" என்றாள். நியாயம்தான்.

சரி என்று லேப்டாப்பில் கூகுள் மேப்ஸைத் திறந்து, சாட்டிலைட் படத்தில் எங்கள் கண்மாயைக் காட்டினேன். கரை வில்லாக வளைந்து கிடக்கும். ரைட் கிளிக் செய்தால் தூரம் அளக்கிற வசதி வரும், ஆனால் அதற்கு வளையத் தெரியாது, புள்ளிக்குப் புள்ளி நேர்கோடுதான். எனக்கு வேண்டியது அந்தக் குறைதான்.

கலுங்கில் ஒரு புள்ளி, மறுகோடி மடையில் ஒரு புள்ளி: 610 மீட்டர். "கோடு தண்ணிக்குள்ள போகுது சார்!" நடுக்கரையில் ஒரு புள்ளி சேர்த்ததும் 655. துண்டுகளை இரண்டிரண்டாக்கினால் 667, மறுபடியும் ஆக்கினால் 670. கூடியது முதலில் 45, அப்புறம் 12, அப்புறம் 3. ஒரு பையன் தானாகவே, "கால் கால் பங்காக் குறையுது, அடுத்தது முக்கால் மீட்டர்" என்றான். 16 துண்டு போட்டோம், கிட்டத்தட்ட அதேதான் (சீரான வளைவு என்றால் அப்படித்தான் குறையும்). முக்கால், அதில் கால், அதிலும் கால் என்று மிச்சத்தையெல்லாம் முடிவில்லாமல் கூட்டினால் சரியாக 1 மீட்டர். ஆக எல்லை 671. எத்தனை புள்ளி வைத்தாலும் அந்த எண் வராது, ஆனால் அரை மீட்டர் கிட்டத்தில் வேண்டுமா, அரை அங்குலமா, சொன்னால் அதற்கு இத்தனை துண்டு என்று என்னால் சொல்ல முடியும். பாடத்தில் இருப்பதும் இவ்வளவுதான். மேப்பில் மட்டும் ஒரு கட்டத்துக்கு மேல் நாம் அளப்பது கரையை இல்லை, நம் விரல் நடுக்கத்தை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் வேண்டுமென்றே ராமேசுவரம் தீவுக் கரையை அளக்க விட்டேன். பெரிதாக்க ஆக்கப் புதுப்புதுச் சந்து, நெளிவு, மணல் திட்டு. கூடுவது குறையவே காணோம். பிரிட்டன் கடற்கரை எவ்வளவு நீளம் என்று 1967-இல் கணித அறிஞர் மாண்டல்பிரோ கேட்ட கேள்விதான். பேரை மட்டும் சொன்னேன், யார் காதிலும் விழவில்லை. ஒன்பது மணிக்கு வீட்டிலிருந்து போன் வரும்வரை நீளம் ஏறிக்கொண்டேதான் இருந்தது.