ஏஎம்4 போர்டுக்கு இன்னொரு சுற்று

14 அக்டோபர் 2025, செவ்வாய்

விண்டோஸ் 10-க்கு இன்றோடு ஆதரவு முடிகிறது. நாளைக் காலை மெஷின் ஆன் ஆகாமல் போய்விடாது. மாதாமாதம் வரும் பாதுகாப்பு பேட்ச் நின்றுவிடும், அவ்வளவுதான். அதற்கும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. 22எச்2 பதிப்பு இருந்தால் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யலாம். செட்டிங்ஸ் பேக்கப்பை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்தால் காசு கிடையாது. வேண்டாம் என்றால் 30 டாலர், அல்லது 1000 ரிவார்ட்ஸ் புள்ளி. பதிவு ஆயிற்று. விண்டோஸ் பற்றிய கவலை ஒரு வருடத்துக்குத் தள்ளிப்போனது.

தள்ளிப்போட முடியாதது ஹார்ட் டிஸ்க். டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் சி5 வரிசை 8 காட்டுகிறது. படிக்க முடியாமல் தொங்கலில் நிற்கும் செக்டார்களின் கணக்கு அது. 05, அதாவது கெட்டுப்போய் மாற்றிவைக்கப்பட்ட செக்டார்களின் கணக்கு, இன்னும் பூஜ்யம்.

15 அக்டோபர்

காப்பி முதலில், யோசனை பிறகு. விண்டோஸோடு வரும் காப்பிக் கருவியான ரோபோகாப்பியை அப்படியே ஓடவிடக் கூடாது. ஒரு ஃபைல் படிக்கவில்லை என்றால் அது பத்து லட்சம் முறை மறுபடி முயலும், ஒவ்வொரு முறைக்கும் நடுவே 30 விநாடி காத்திருக்கும். அதன் இயல்பு அமைப்பே அதுதான். சாகக் கிடக்கும் டிஸ்கை அதே இடத்தில் சுரண்டிக்கொண்டே இருப்பது கொலை. ஆர் 1 (ஒரே மறுமுயற்சி), டபிள்யூ 1 (ஒரு விநாடி காத்திருப்பு) என்று கொடுத்து, லாக் ஃபைலும் எழுதச் சொல்ல வேண்டும். படிக்காத ஃபைல்களை லாக்கில் பார்த்துக் கடைசியில் தனியாக எடுக்கலாம். ஸ்கேன்கள் முதலில், மற்றதெல்லாம் அப்புறம்.

17 அக்டோபர்

எது மெதுவாக இருக்கிறது என்று தெரியாமல் பார்ட்ஸ் வாங்குவதில் அர்த்தமில்லை. ரைசன் 5 1600 ப்ராசஸர், ஏஎம்4 சாக்கெட் உள்ள பி350 போர்டு, 4+4 ஜிபி டிடிஆர்4, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1 டிபி ஹார்ட் டிஸ்க், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி). எல்லாம் 2017.

ஸ்கேன் செய்த பக்கங்களைச் சரிசெய்து ஓசிஆர் மூலம் எழுத்தாக மாற்றும் வேலை ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துப் பார்த்தால் டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, ப்ராசஸர் முப்பதைத் தாண்டவில்லை, ரேம் நிரம்பி வழிகிறது. ரிசோர்ஸ் மானிட்டரில் ‘ஹார்ட் ஃபால்ட்’ நூற்றுக்கணக்கில் ஏறுகிறது. அதாவது ரேமில் இடமில்லாமல் டிஸ்கை ரேமாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. அந்த டிஸ்க்தான் சி5 டிஸ்க்.

கணக்குப் போட்டால் புரியும். ஏ4 பக்கம், 600 டிபிஐ: 4960 × 7016 பிக்சல், சாம்பல் நிறத்தில் 35 எம்பி, வண்ணத்தில் 104 எம்பி. இது ஒரு பக்கத்தின் ஒரு பிரதி மட்டும். கோணல் சரிசெய்ய ஒன்று, பின்னணி வெளுக்க ஒன்று என்று மென்பொருள் நினைவகத்தில் பல பிரதி வைத்துக்கொள்ளும். வண்ண அட்டைகள் வந்தால் 8 ஜிபி எந்த மூலைக்கு?

ஆகவே வரிசை: எஸ்எஸ்டி, ரேம், அதன் பிறகே ப்ராசஸர். எஸ்எம்பிஎஸ் பற்றித் தனியாக யோசிக்க வேண்டும்.

20 அக்டோபர், தீபாவளி

சி5: 8.

25 அக்டோபர்

ரேம் விலை ஏறுகிறது. செப்டம்பரில் குறித்து வைத்திருந்த விலைக்கும் இன்றைய விலைக்கும் சம்பந்தமே இல்லை. ரிச்சி தெருவில் கொட்டேஷன் கேட்டால், “சார், இந்த ரேட் சாயந்தரம் வரைக்கும்தான்” என்கிறார்கள். அவர்கள் சொல்வது வியாபாரப் பேச்சு மட்டும் என்று தள்ள முடியாது. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும் ஏஐ சர்வர்களுக்கான மெமரி பக்கம் சாய்கின்றன. டிடிஆர்4 தயாரிப்பைச் சுருக்கப் போவதாக முன்பே அறிவித்தாயிற்று. பண்டிகை முடிந்தால் இறங்கும் என்று காத்திருக்கும் வகை விலையேற்றம் இல்லை இது.

26 அக்டோபர்

இரவெல்லாம் இதே யோசனை. முழுசாகப் புது மெஷின் என்றால் ஏஎம்5: போர்டு, ப்ராசஸர், டிடிஆர்5 மூன்றும் புதிதாக வேண்டும். 2027-க்கு அப்பாலும் அந்த சாக்கெட்டுக்கு ப்ராசஸர் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருப்பதால் ஆசை இருக்கிறது. ஆனால் விலை மிக வேகமாக ஏறுவது டிடிஆர்5-தான். இந்த வருடம் அதில் இறங்குவது தப்பான நேரம் என்பதே என் முடிவு.

ஏஎம்4-லேயே இருந்தால் டிடிஆர்4 வாங்கலாம். இப்போதைய 1600-க்கும் அது பொருந்தும், நாளை வரும் ப்ராசஸருக்கும் பொருந்தும். எந்தப் பக்கம் போனாலும் வீணாகாத பொருள் எதுவோ அதைத்தான் முதலில் வாங்க வேண்டும். 16 ஜிபி இரண்டு, 3200, ஒரே பாக்கெட்டில் வரும் கிட். பழைய 4+4-ஐக் கழற்றிவிட வேண்டும். நான்கு ஸ்லாட்டையும் கலந்து நிரப்பினால் எல்லாமே பழைய ஸ்டிக்கின் வேகத்துக்கு இறங்கும், முதல் தலைமுறை ரைசனில் பூட் ஆகாமலும் போகலாம்.

28 அக்டோபர்

ரேம் வந்தது. ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட். ரேமை அதன் அறிவித்த வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பில், 3200-ல், 1600 எழவில்லை, எதிர்பார்த்ததுதான். அதற்கு அதிகாரபூர்வ எல்லையே 2666. அதில் வைத்து, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 இரவு முழுக்க. பிழை இல்லை.

2 நவம்பர்

சி5: 10. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ பதினாறடிமான எண்ணில் காட்டுகிறது; 10 என்றால் பதினாறு. அட்வான்ஸ்டு ஃபீச்சர், ரா வேல்யூஸ் போய்ப் பதின்மத்துக்கு மாற்றினால் இந்தக் குழப்பம் இல்லை.

இரட்டிப்பாகிவிட்டது.

4 நவம்பர்

ரைசன் 5 5600 என்று முடிவு. 1600-க்கும் இதற்கும் ஒரே 6 கோர் 12 த்ரெட், ஒரே 65 வாட். உள்ளே வேறு உலகம்: உச்ச வேகம் 3.6-லிருந்து 4.4 கிகாஹெர்ட்ஸ், எல்3 கேஷ் 16 எம்பியிலிருந்து 32, ஒவ்வொரு கோரும் ஒரு சுற்றில் முடிக்கும் வேலையும் அதிகம். 5500 விலை குறைவு, ஆனால் கேஷ் 16-தான். 5600ஜி-யில் கிராபிக்ஸ் உள்ளேயே உண்டு, கேஷ் அதிலும் 16. கார்டு இருக்கும்போது அது தேவையில்லை.

1600 விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை, 5600 இருக்கிறது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சிப்பான டிபிஎம் தனியாக வாங்க வேண்டாம். போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸில் எஃப்டிபிஎம் என்று இருப்பதை ஆன் செய்தால் போதும்.

300 வரிசை போர்டுகளுக்கு 5000 வரிசை ப்ராசஸரை ஏஎம்டி திறந்துவிட்டது 2022-ல்தான். அதனால் போர்டு கம்பெனியின் சப்போர்ட் பட்டியலில் 5600-க்கு எதிரே எந்த பயாஸ் எண் இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். பட்டியலில் இருக்கிறது.

9 நவம்பர்

எஸ்எம்பிஎஸ். எட்டு வருடம், சென்னை வெயில், சென்னை தூசி. 12 வோல்ட் லைன் லோடில் 11.5 வரை இறங்குகிறது. ஏடிஎக்ஸ் விதிப்படி 5 சதவீதம், அதாவது 11.4 வரை போகலாம். விதிக்குள் இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்தான். புது ப்ராசஸர், புது எஸ்எஸ்டி, புது ரேம் மூன்றுக்கும் உயிர் கொடுக்கும் பெட்டி இது. கெபாசிட்டர் காய்ந்துகொண்டிருக்கும் பெட்டியில் அவற்றை மாட்ட மனம் ஒப்பவில்லை. 550 வாட், 80 பிளஸ் ப்ரான்ஸ் (வெண்கலத் தரச் சான்று), ஐந்து வருட வாரண்டி.

மாட்டும்போது ஒன்று. மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால் பழைய கேபிளைக் கேபினெட்டில் விட்டுவிட்டுப் புதுப் பெட்டியில் செருகக் கூடாது. டிஸ்க் பக்க முனை ஒன்றுபோல இருக்கும். பெட்டிப் பக்கம் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடல் மாறும். 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போனால் டிஸ்க் அந்த நொடியே போய்விடும். கேபிள் உட்பட எல்லாம் புதிது.

18 நவம்பர்

யூபிஎஸ் பேட்டரி மாற்றம், 12 வோல்ட் 7 ஏஎச். பயாஸ் எழுதும்போது கரண்ட் போனால் இந்த போர்டில் மீட்கும் பட்டன் கிடையாது. சிப்பைக் கழற்றி ப்ரோகிராமரில் எழுத வேண்டியிருக்கும்.

29 நவம்பர்

டிட்வா புயல். பயாஸைத் தொடப்போவதில்லை.

1 டிசம்பர்

மழை. கரண்ட் வந்து வந்து போகிறது. சி5: 24. மெஷினை அணைத்து ப்ளக்கையும் பிடுங்கியாயிற்று.

4 டிசம்பர்

மைக்ரான், க்ரூஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்தப் போகிறதாம். பிப்ரவரி வரைதான் அனுப்புவார்களாம். ரேம் மட்டுமில்லை, அந்தப் பெயரில் வரும் எஸ்எஸ்டியும் போகிறது. இன்னும் காத்திருக்க என்ன இருக்கிறது? 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி இன்றே ஆர்டர். க்யூஎல்சி (ஒரு செல்லில் நான்கு பிட்) வேண்டாம், டிஎல்சி (மூன்று பிட்). ஜிபி ஜிபியாக ஸ்கேன் எழுதும் வேலைக்கு க்யூஎல்சி, கேஷ் நிரம்பியதும் ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கு இறங்கும். ஜென்4 எஸ்எஸ்டி போட்டாலும் பி350-ல் ஜென்3 வேகம்தான், விநாடிக்குச் சுமார் 3.5 ஜிபி. அதற்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

7 டிசம்பர், ஞாயிறு

வானம் தெளிவு. பயாஸ்.

போர்டின் மூலையில் அச்சிட்டிருக்கும் ரெவிஷன் எண்ணைப் பார்த்து அதற்கான ஃபைல். ரெவ் மாறினால் ஃபைல் மாறும். குறிப்பில் ‘முதலில் இந்தப் பதிப்புக்குப் போய்விட்டு வா’ என்று இருந்தால் அதைத் தாண்டக் கூடாது. இங்கே ஓர் இடைப் பதிப்பு இருந்தது. பென்டிரைவ் ஃபேட்32. செட்டிங்ஸ் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டு, டிஃபால்ட் லோட் செய்து, பயாஸுக்குள்ளேயே இருக்கும் ஃப்ளாஷ் கருவியால் எழுத வேண்டும். விண்டோஸிலிருந்து எழுதும் மென்பொருள் வேண்டாம். இரண்டு முறையும் பழைய 1600 மாட்டியபடியே, யூபிஎஸ்ஸில் மானிட்டரும் கேபினெட்டும் மட்டும்.

புதுப் பதிப்பு 1600-லேயே எழுந்தது. பெரிய நிம்மதி.

8 டிசம்பர்

ப்ராசஸர் மாற்றம். ஏஎம்4-ல் பின்கள் ப்ராசஸரில் இருக்கின்றன, 1331 பின். பழைய பேஸ்ட் இறுகியிருந்தால் கூலரைத் தூக்கும்போது, லீவர் பூட்டியிருக்கும்போதே ப்ராசஸரும் சேர்ந்து பிய்த்துக்கொண்டு வரும். பின் வளைவது இப்படித்தான். அதற்கு வழி: கழற்றும் முன் பத்து நிமிடம் முழு லோடில் ஓட்டிச் சூடேற்றி, ஷட் டவுன், கரண்ட் துண்டிப்பு, நான்கு ஸ்க்ரூவையும் எடுத்துவிட்டு, கூலரை மேலே இழுக்காமல் இடமும் வலமுமாக மெல்லத் திருக வேண்டும். ஒரு சிறு ‘ப்ளக்’ சத்தத்தோடு பிடி விடும். அதன் பிறகுதான் தூக்குவது. ஸ்க்ரூ எடுக்கும்போது போர்டின் பின்பக்கத் தகட்டை ஒரு கையால் தாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கேபினெட்டுக்குள் விழும்.

5600-ன் மூலையில் தங்க முக்கோணம், சாக்கெட்டிலும் முக்கோணம். இரண்டையும் பொருத்தி வைத்தால் தன் எடையிலேயே உள்ளே இறங்கும். அமுக்க வேண்டியிருந்தால் ஏதோ தப்பு. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் கூலரைத் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட். 5600 பெட்டியோடு வந்த ஸ்டெல்த் கூலரைவிட 1600-ன் ஸ்பைர் கூலரில் அலுமினியம் அதிகம், அதுவே திரும்ப மாட்டியது. ஸ்க்ரூக்கள் எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுற்று, மாறி மாறி.

முதல் ஆனில் திரை ஒரு நிமிடத்துக்கு மேல் இருட்டு. ரேமைப் பழகிக்கொள்கிறது, பவர் பட்டனைத் தொடக் கூடாது. பிறகு எஃப்டிபிஎம் பற்றி ஒய்/என் கேள்வி. டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இல்லை, அதனால் ஒய். பிட்லாக்கர் இருப்பவர்கள் ரெகவரி கீ கையில் இல்லாமல் இந்த இடத்துக்கே வரக் கூடாது.

3200 எடுத்துக்கொண்டது.

9 டிசம்பர்

மெம்டெஸ்ட் மறுபடி, 3200-ல். சுத்தம்.

12 டிசம்பர்

எஸ்எஸ்டி கையில், எம்.2 ஸ்க்ரூ இல்லை. போர்டுப் பெட்டியோடு 2017-ல் வந்தது எங்கேயோ. எம்2 × 3 மிமீ, மொபைல் ரிப்பேர் கடையில் கிடைக்கும். டேப் ஒட்டி வைக்கும் யோசனையே வேண்டாம். அந்த அட்டை சாய்வாகத் தூக்கிக்கொண்டு நிற்கும், சூட்டில் டேப் விடும்.

13 டிசம்பர்

விண்டோஸ் 11. பழைய டிஸ்கைக் குளோன் செய்யவில்லை. கெட்ட செக்டாரில் குளோன் நின்றுவிடும், நிற்காவிட்டாலும் சேதமான ஃபைலும் கூடவே வரும். பயாஸில் பழைய முறை பூட்டுக்கான சிஎஸ்எம் ஆஃப், செக்யூர் பூட் ஆன், 8 ஜிபி பென்டிரைவிலிருந்து புது இன்ஸ்டால். ஹார்ட் டிஸ்கின் சாட்டா கேபிளைப் பிடுங்கிவிட்டுத்தான். கூட விட்டால் பூட் பார்டிஷனைச் சில நேரம் பழைய டிஸ்கில் கொண்டுபோய் வைக்கும், பிறகு அந்த டிஸ்க் இல்லாமல் மெஷின் எழாது. ஆக்டிவேஷன் போர்டோடு பிணைந்தது, தானே வந்துவிட்டது.

14 டிசம்பர்

பழைய டிஸ்க் இனி கேபினெட்டுக்குள் வராது.

22 டிசம்பர்

ஓசிஆர் மென்பொருளான டெஸராக்ட் ஒரு பக்கத்துக்கே நான்கு த்ரெட் வரை எடுத்துக்கொண்டு அவற்றை அரைகுறையாகத்தான் பயன்படுத்துகிறது. ஓஎம்பி த்ரெட் லிமிட் மாறியை 1 ஆக்கி, ஆறு பக்கங்களை ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓட்டினால் ஆறு கோரும் நிரம்புகின்றன. மொத்த வேகத்தில் நல்ல வித்தியாசம். இதற்குக் காசே செலவில்லை. 1600-லும் இது செய்திருக்கக்கூடியதுதான்.

3 ஜனவரி 2026

ரேம் விலை இன்றும் பார்த்தேன். அக்டோபரில் வாங்கிய அதே கிட் இரு மடங்கைத் தாண்டிவிட்டது.

1050 டிஐ அப்படியே இருக்கட்டும். அது அடங்கும் பாஸ்கல் வரிசைக்கு என்விடியா வழக்கமான டிரைவரை நிறுத்திவிட்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும். இந்த வேலைக்கு அது போதும்.

11 ஜனவரி

ஓசிஆர் ஓடும்போது 5600 82 டிகிரி, எல்லை 90. ஆபத்தில்லை, ஆனால் ஃபேன் இரண்டு விநாடிக்கொருமுறை ஏறி இறங்கிப் படுத்துகிறது. ரைசன் வெப்பநிலை அப்படித்தான் துள்ளும். பயாஸில் ஃபேன் ஏறுவதற்கான தாமதத்தைக் கூட்டி, 70 டிகிரி வரை வளைவைத் தட்டையாக வைத்தால் அடங்க வேண்டும். முன்பக்க ஃபில்டரில் தூசி. முதலில் அது.