போகும்போது அல்ல, வரும்போது

உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கம் வீடு வீடாகப் போய்க் குழந்தை வளர்ச்சி பற்றித் தகவல் சேகரிப்பது என் வேலை. ஒன்று, ஒன்றரை வயதுப் பிள்ளைகள்தான் எங்கள் கணக்கு. "நான் வேலைக்குப் போனாலும் அழவே மாட்டேங்குது டீச்சர், எம்மேல பாசம் இல்லையோ?" என்பார் ஓர் அம்மா. "நகர விட மாட்டேங்குறான்" என்று அடுத்த வீட்டில் புகார்.

இருவருக்கும் ஒரே பதில்தான்: போகும்போது பார்க்காதீர்கள், திரும்பி வரும்போது பாருங்கள். இது என் சொந்தச் சரக்கு இல்லை. உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த், பிள்ளைக்கும் அம்மாவுக்கும் உள்ள பிணைப்பை அறிய அமெரிக்காவின் பால்டிமோரில் நடத்திய சோதனையின் சாரம் அது. புது அறை, சில பொம்மைகள், முன்பின் தெரியாத ஒரு பெண். அம்மா இரண்டு முறை வெளியே போய்த் திரும்புவார். பிள்ளை எவ்வளவு அழுதது என்பதைவிட, வந்தவரிடம் எப்படி நடந்துகொண்டது என்பதற்கே எடை அதிகம். ஒட்டிக்கொண்டு, சமாதானமாகி, மறுபடி விளையாடப் போனால் பாதுகாப்பான பிணைப்பு. முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு; தூக்கச் சொல்லிக் கை நீட்டிவிட்டு, தூக்கியதும் உதைக்கிறவையும் உண்டு.

இங்கே அதை அப்படியே நடத்த முடியுமா என்பது சந்தேகம்தான். முதலில் அறை காலியாக இருக்க வேண்டுமே! நான் செருப்பைக் கழற்றுவதற்குள் பக்கத்து வீட்டு அத்தை, சித்தி, பள்ளிக்கு மட்டம் போட்ட அண்ணன்காரன் எல்லாரும் ஆஜர். ஜப்பானின் சப்போரோவில் 1980களில் இதைச் செய்தபோது, அம்மாவைப் பிரிந்தே பழகாத பிள்ளைகள் ரொம்பவே கலங்கிப்போயின. நம் ஊரிலோ நேர்மாறு: பிள்ளை வளர்வதே இடுப்பு மாறி இடுப்பு.

மல்லி சீசனில் அம்மா விடியுமுன்னே பறிக்கப் போய்விடுவார். மொட்டு விரிவதற்குள் பூ மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். பிள்ளை அப்பத்தாவிடம். ஒரு வீட்டில், திரும்பி வந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பிள்ளை அப்பத்தா முந்தானைக்குள் போய்விட்டது. அம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. சற்று நேரத்தில் வாசற்படியில் தடுக்கி விழுந்ததும் அப்பத்தா கையைத் தட்டிவிட்டு அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டது. "பாத்தீகளா டீச்சர், சோறு ஊட்டுறது நானு, விழுந்தா ஆத்தா வேணுமாம்!" என்றார் அப்பத்தா. ஷாஃபர், எமர்சன் என்ற ஆய்வாளர்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1964இல் எழுதியதும் இதுதான்: ஊட்டி, குளிப்பாட்டுகிறவரிடமே பிள்ளை அதிகம் ஒட்டும் என்று கட்டாயமில்லை. ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலானவை ஒருவருக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்தன. எங்கள் படிவத்திலோ 'பராமரிப்பவர் பெயர்' எழுத ஒரே ஒரு கட்டம்.

பால்டிமோருக்கு முன்பே, 1950களில், ஐன்ஸ்வொர்த் உகாண்டா கிராமங்களில் இருந்தார். பிள்ளையைப் பற்றி நுணுக்கமாக, ஆசையாகப் பேசும் அம்மாக்களின் பிள்ளைகளே நிம்மதியாக ஒட்டியிருந்ததை அங்கே கண்டார். அதனால் நானும் படிவத்தை ஓரம் வைத்துவிட்டு, எதற்குச் சிரிக்கும், எதற்குப் பயப்படும் என்று கேட்பேன். சிலர் நிறுத்தாமல் பேசுவார்கள். சிலர், "அத்தைகிட்ட கேளுங்க" என்று மாமியாரைக் கைகாட்டுவார்கள். அதை உடனே குறையாக எழுதிவிட மாட்டேன். விடியுமுன் எழுந்து பூப்பறித்த உடம்பு வேறெப்படிப் பேசும்? மதியம் தூங்கி எழட்டும் என்று இன்னொரு நடை போவேன். அந்த பஸ் காசை மட்டும் ஆபீஸில் கேட்கக் கூடாது.